ஏவி ரிசீவர்: பொருத்துதலும் பழுதறிதலும்

ஏவி ரிசீவர் ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை பார்க்கிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், புளூரே பிளேயர், செல்போன் என்று பல பக்கமிருந்து வரும் ஒலியையும் படத்தையும் வாங்கி, கேட்டதை மட்டும் உள்ளே விடுகிறது. டால்பி, டிடிஎஸ் முறைகளில் சுருக்கி அடைத்த ஒலியைப் பிரித்து ஐந்து அல்லது ஏழு தடங்களாக்குகிறது. பிரித்த ஒவ்வொரு தடத்தையும் ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குகிறது. கோளாறு வரும்போது இந்த மூன்றில் எது நின்றது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே கிடக்கும்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்து வீடுகளில் ரிசீவருக்கு முன்பே இடம்பிடித்தது உள்ளூர் மெக்கானிக் கட்டிக்கொடுக்கும் அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர். 4440 ஐசி போர்டில் தொடங்கி, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட கனமான பெட்டி வரை அதில் பல தரம் உண்டு. எந்த உதிரி போனாலும் கடையில் கிடைக்கும்; சால்டர் வைக்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். ரிசீவரின் கதை வேறு. அதன் ஆம்ப்ளிஃபயர் பகுதியைக் கைதேர்ந்த மெக்கானிக் சரிசெய்துவிடலாம். எச்டிஎம்ஐ போர்டோ பிராசசரோ போனால் போர்டையே மாற்றியாக வேண்டும். அதற்கு கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் வழியில்லை. பழைய மாடலுக்கு அந்த போர்டு கிடைக்காமல் போவதும் உண்டு. ஆகவே கிராமத்து வீட்டில் ரிசீவர் பொருத்தும் வேலை, ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன் சுவர் பிளக்கில் தொடங்குகிறது.

வாங்கும்போது வாட் கணக்கில் மயங்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட், ஒரே ஒரு தடத்தை மட்டும் ஓட்டி, ஒரே சுருதியில் அளந்ததாக இருக்கும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு தடங்களையும் சேர்த்து ஓட்டி, 8 ஓமில் அளந்த ஆர்எம்எஸ் வாட்தான் கணக்கு. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு 70 வாட் உண்மையான ஆர்எம்எஸ் தாராளம். 100 வாட்டுக்கும் 130 வாட்டுக்கும் காதில் விழும் வேறுபாடு ஒரு டெசிபல் அளவுதான்.

மின்சாரம்

வீட்டு இணைப்பு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 6 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை விதி அனுமதிக்கிறது. அதாவது சுமார் 216 முதல் 244 வோல்ட் வரை. பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. போர்வெல் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் இதற்கும் கீழே இறங்கலாம். டிவி அதைப் பொருட்படுத்தாது. இப்போதைய டிவியின் பவர் சப்ளை 100 வோல்ட்டிலும் ஓடும். ரிசீவர்களில் பெரும்பாலானவை கனத்த டிரான்ஸ்ஃபார்மரை நம்பியவை. உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் ஸ்பீக்கருக்குப் போவதும் அதே விகிதத்தில் குறையும். வாட் அதைவிட வேகமாகக் குறையும். 190 வோல்ட்டில் ஓடும் ரிசீவர் தன் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். அது தெரியாமல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒலியலையின் முகடு வெட்டுப்படும், சண்டைக் காட்சியில் ஒலி கரகரக்கும், முதலில் எரிவது ட்வீட்டர்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அதிகாலை, மோட்டார் ஓடும் பகல், மாலை ஏழு மணி, நள்ளிரவு என்று இரண்டு மூன்று நாள் பிளக் பாயின்ட்டில் அளந்து குறித்துவைத்தால் வீட்டின் நிலை விளங்கும். 200-க்கும் 250-க்கும் இடையே நின்றால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. அதைத் தாண்டி ஆடினால் ரிசீவரின் பின்புறம் எழுதியிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். டிவிக்கென்று விற்கும் சின்ன ஸ்டெபிலைசரில் ரிசீவரையும் சேர்த்துச் செருகுவது வழக்கமாகிவிட்ட தவறு.

குறைந்த வோல்டேஜைவிட ஆபத்தானது நியூட்ரல் அறுவது. மூன்று ஃபேஸ் லைனில் காற்றுக்கு நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், ஒரு வீட்டில் விளக்கு மங்கும், அடுத்த வீட்டில் கண்ணைப் பறிக்கும். வெளிச்சம் கூடிய வீட்டில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கியிருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெயினை இறக்கிவிட்டு மின்துறை அலுவலகத்துக்குச் சொல்வது. வோல்டேஜ் வரம்பு மீறினால் தானே துண்டித்து, சீரான பிறகு சில நிமிடம் கழித்து இணைக்கும் கருவியை மெயின் போர்டில் பொருத்திக்கொண்டால், ரிசீவரோடு ஃப்ரிட்ஜும் தப்பும்.

எர்த் பல வீடுகளில் பெயருக்கு இருக்கிறது. மூன்றாவது துளை சுவரில் இருக்கும். அதன் பின்னால் கம்பி இருக்காது, அல்லது கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காட்டிய அளவே வர வேண்டும். பாதி வோல்டேஜ் காட்டினாலோ எண் தத்தளித்தாலோ எர்த் இல்லை என்றே கொள்ளலாம். ரிசீவரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுரசுரவென்று உணர்வது இதன் அறிகுறி. பல ரிசீவர்களுக்கு இரண்டு முள் பிளக்தான், அவற்றுக்கு எர்த் வேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு இணையும் செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், சப்-வூஃபர் வழியாக எர்த்தின் குறை உள்ளே வந்துவிடும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். ஃபேனும் அதே நேரத்தில் உறுமினால் இன்வெர்ட்டர் எந்த வகை என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இந்தப் பகுதியில் கணிசம். விடுமுறைக்கு வரும் உறவினர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ரிசீவர் பல கூடங்களில் இருக்கும். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், எனவே கருவி அப்படியே ஓடும். இடிப்பது பிளக். பிரெஞ்சு பிளக்கில் எர்த் முள் கிடையாது. அங்கே அது சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். முட்களும் நம்மூர் முட்களைவிடச் சற்று மெல்லியவை. நம் சாக்கெட்டில் செருகினால் தொளதொளவென்று நிற்கும், பொறி பறக்கும், எர்த் இருக்காது. அடாப்டர் மேல் அடாப்டர் போடுவதைவிட, ஒயரின் முனையை வெட்டி நம்மூர் மூன்று முள் பிளக் பொருத்துவதே நல்லது. பச்சை-மஞ்சள் கோடு போட்டது எர்த், நீலம் நியூட்ரல், பழுப்பு ஃபேஸ். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் கருவிக்கு இது பொருந்தாது. அதை நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

இடம்

கூடத்துச் சுவரில் சிமென்ட் ஷெல்ஃப் கட்டி, டிவியையும் சாமான்களையும் அதற்குள் வைப்பது வழக்கம். ரிசீவர் மூச்சுவிடுவது மேல்மூடியின் துளைகள் வழியாக. தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியும், பக்கங்களில் நான்கு விரலும் இல்லாத ஷெல்ஃபில் அது வேகும். தூசி படியக்கூடாது என்று மேலே விரிக்கும் பூவேலைத் துணி, உறையைக் கழற்றாமல் விடும் பிளாஸ்டிக் இரண்டும் ரிசீவரைப் பொறுத்தவரை அடுப்பு. செட்டாப் பாக்ஸை ரிசீவரின் முதுகில் ஏற்றிவைப்பதும் அப்படியே.

உயரமும் முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. தரையோடு தரையாக வைத்த சப்-வூஃபரும் கீழ்த்தட்டு ரிசீவரும் அப்படிப்பட்ட நாளில் முதல் பலி. ரிசீவர் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கட்டும். சப்-வூஃபர் தரையில்தான் நிற்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் கழற்றித் தூக்கும்படி அதன் ஒயரைச் சுவரோடு ஆணியடித்து இறுக்காமல் விட்டால் போதும்.

காங்கிரீட் தளம், டைல்ஸ் தரை, வெள்ளையடித்த வெறும் சுவர் என்று நான்கு பக்கமும் கடினமான கூடத்தில் வசனம் எதிரொலித்துக் குழம்பும். ரிசீவரில் எந்தப் பட்டனும் இதைச் சரிசெய்யாது. கோரைப்பாய், கனமான திரைச்சீலை, துணி போட்ட சோபா, புத்தக அலமாரி ஆகியவை செய்யும். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய கூடத்தில் ஒலி திடீரென்று தெளிவதாகத் தோன்றுவது கற்பனையல்ல. சாக்கும் நெல்லும் ஒலியைக் குடிக்கும். பழைய நாட்டு ஓட்டு வீடுகள் இந்த விஷயத்தில் காங்கிரீட் வீடுகளைவிட ஒரு படி மேல்: சாய்ந்த கூரை ஒலியை நேர்க்குநேர் திருப்பி அனுப்புவதில்லை.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காரும் இடமும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் முப்பது பாகை. சென்டர் ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்ந்து, ஷெல்ஃபின் விளிம்பு வரை முன்னே வந்து நிற்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் வசனம் பானைக்குள்ளிருந்து வரும். சரவுண்ட் இரண்டும் உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டில், சற்றே பின்னுக்கு, காதுக்கு மேல் ஓரிரு அடி உயரத்தில். கூடத்தின் ஒரு பக்கம் தாழ்வாரத்துக்குத் திறந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சரவுண்டுக்குச் சுவர் இருக்காது. ஸ்டாண்டு வைக்கலாம், அல்லது சரவுண்டையே விட்டுவிட்டு 3.1 ஆக அமைக்கலாம். தவறான இடத்தில் வைத்த ஐந்து ஸ்பீக்கரைவிடச் சரியான இடத்தில் நிற்கும் மூன்று மேல்.

சப்-வூஃபருக்கு இடம் தேடுவதற்கு எளிய வழி: அதைத் தூக்கி, ஆள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்தபடி நடந்து கேட்பது. எங்கே உறுமலில்லாமல் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கிறதோ அங்கே சப்-வூஃபர் வரட்டும். பத்தடிச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் ஒலி தங்கிச் சுற்றும். அறை பத்துக்குப் பத்து என்று சதுரமாக இருந்தால் இரு திசையிலும் அதே சுருதி தங்கி, ஒரே ஒரு தாளச் சத்தம் மட்டும் வீட்டையே அதிரவைக்கும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும்.

ஒயரும் இணைப்பும்

ஸ்பீக்கருக்குத் தனி ஒயர் வாங்க வேண்டுமென்பதில்லை. வீட்டு வயரிங்குக்கு விற்கும் நல்ல செப்பு ஒயர் போதும்: முன் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மி.மீ., பத்து மீட்டர் ஓடும் சரவுண்டுக்கு 2.5. ஒளி ஊடுருவும் உறைக்குள் பளபளக்கும் மலிவு ஒயர்களில் பல, அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியவை. முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். கடற்காற்று எட்டும் மணப்பட்டு, கிருமாம்பாக்கம் போன்ற ஊர்களில் அது சீக்கிரம் அரித்துப்போகும்.

பிளஸ் பிளஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது. ஒயரில் அடையாளம் அழிந்திருந்தால், ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். வூஃபர் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயரே பிளஸ். முனையில் பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொடுவதுதான் புதிய ரிசீவர் முதல் நாளிலேயே அணைந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம். இழைகளை முறுக்கி, முடிந்தால் பனானா பிளக் போட்டுவிட வேண்டும்.

டிவியோடு இணைப்பதற்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி இன்று வழக்கம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் இது சேர்ந்தது. ஒரே கேபிளில் படம் டிவிக்குப் போகும், டிவியின் ஒலி திரும்பி வரும். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளையும் ஏஆர்சி ஆகாது. அந்த எழுத்து பொறித்த துளையில் மட்டுமே செருக வேண்டும். பிறகு டிவியின் ஒலி மெனுவில் வெளிப்புற ஸ்பீக்கரைத் தேர்ந்து, டிஜிட்டல் ஒலியை பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றி, சிஇசி-யை இயக்க வேண்டும். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பிசிஎம் என்று விட்டுவிட்டால் ஏஆர்சி வழியே இரண்டு தடம் மட்டுமே வரும். சரவுண்ட் ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். இ-ஏஆர்சி இருக்கும் டிவியிலும் ரிசீவரிலும் இந்தத் தடை இல்லை.

ஆப்டிகல் கேபிள் பழையது என்று ஒதுக்கப்படுகிறது. டால்பி டிஜிட்டல் 5.1-க்கு மேல் அது தராது, டிவி ரிமோட்டால் சத்தம் கூட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அதில் ஓடுவது வெளிச்சம், மின்சாரமல்ல. கேபிள் டிவி ஒயர் வழியாக டிவிக்குள் இறங்கும் இடியின் தாக்கம் எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குத் தாவும், ஆப்டிகலில் தாவாது. மரத்தடி, வயலோரம், உயர்ந்த மாடி என்று தனித்து நிற்கும் வீட்டில், முக்கால்வாசி நேரம் செட்டாப் பாக்ஸ் மட்டும் ஓடுமென்றால், ஆப்டிகலே புத்திசாலித்தனம்.

அளவு வைத்தல்

ரிசீவரோடு வரும் சிறிய மைக்கை உட்காருபவரின் காது உயரத்தில், ஸ்டாண்டு ஒன்றின் மேல் நிறுத்தி, ஃபேனை அணைத்து, தெருச் சத்தம் அடங்கிய பின்னிரவில் தானியங்கி அளவீட்டை ஓட்ட வேண்டும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் வைப்பாவோ, சோனியில் டிசிஏசி என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுவதால், மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரும் ஒரு மீட்டரில் இருக்கும் சரவுண்டும் ஒரே கணத்தில் காதை எட்டும்படி அருகிலிருப்பதைச் சில மில்லி விநாடி தாமதிக்கிறது. சப்-வூஃபரின் தூரத்தை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். அதன் உள் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

அளவீடு முடிந்ததும் கையால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஸ்பீக்கர் அளவை ரிசீவர் "பெரியது" என்று வைத்திருந்தால் "சிறியது" என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைப்பது. அதற்குக் கீழுள்ள ஒலி சப்-வூஃபருக்குப் போய், சின்ன ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் இளைப்பாறும். இரண்டாவது, சப்-வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை முழுக்க மேலே ஏற்றிவிடுவது. வடிகட்டும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

வசனம் கேட்கவில்லை, சண்டைக்கு மட்டும் வீடு அதிர்கிறது என்பது தமிழ்ப்படம் பார்க்கும் வீடுகளில் பொதுப் புகார். சென்டரை இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் பெரும்பாலும் தீரும். இரவில் டைனமிக் ரேஞ்ச் அல்லது நைட் மோடைப் போட்டால் உரத்ததும் மெல்லியதும் நெருங்கி வரும். சேனல்களில் ஒலி பெரும்பாலும் ஸ்டீரியோ மட்டுமே என்பதால் அங்கே டால்பி சரவுண்ட் அல்லது புரோ லாஜிக் போட்டால்தான் சென்டர் பேசும். பழைய பாடல்களுக்கு இதெல்லாம் வேண்டாம். பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான "பிரியா" படம் 1978இல் வந்தது. அதற்கு முந்தைய திரைப்பாடல்களில் பெரும்பகுதி மோனோ. அவற்றை ஐந்து ஸ்பீக்கரில் பரப்பினால் குரல் கூடத்தில் கரைந்துபோகும். ஸ்டீரியோ அல்லது டைரக்ட் மோடில் கேட்பதே சரி.

கோளாறுகள்

ரிசீவரை இயக்கிய சில விநாடியில் உள்ளே "டிக்" என்று ஒரு ரிலே ஒலிக்கும். அந்த ஓசைதான் முதல் துப்பு. டிக் கேட்டால் ஆம்ப்ளிஃபயர் தன்னைச் சோதித்து ஸ்பீக்கரோடு இணைந்துவிட்டது என்று பொருள். கேட்காமல் விளக்கு மினுக்கினாலோ, கேட்ட உடனே அணைந்தாலோ காப்பு நிலை. அப்போது பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, பத்து நிமிடம் கழித்து வெறும் பெட்டியை மட்டும் இயக்க வேண்டும். நிலைத்து நின்றால் பெட்டி நலம். ஒவ்வொரு ஸ்பீக்கராக அணைத்து, இணைத்து, இயக்கிப் பார்த்தால் எந்த ஒயர் சேரும்போது அணைகிறதோ அங்கேதான் ஷார்ட். அந்த ஸ்பீக்கரை மீட்டரில் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு ஏழு ஓம் காட்டும். ஒன்றுக்கும் கீழே காட்டினால் காயில் எரிந்து ஒட்டிக்கொண்டது, அல்லது எலி கடித்த இடத்தில் ஒயர் சேர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் ஒன்றுமே இல்லாமல் அணைந்தால் பழுது பெட்டிக்குள். மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது, போகாத டிரான்சிஸ்டரையும் போக்கும்.

அரைமணி ஓடிய பிறகு அணைந்து, ஆறிய பின் திரும்ப ஓடினால் சூடு காரணம்: காற்று இல்லாத ஷெல்ஃப், தூசி அடைத்த துளை, அல்லது இரண்டு ஜோடி ஸ்பீக்கரை ஒரே முனையில் சேர்த்துக் கட்டியது. கடைசியில் சொன்னது, திண்ணையிலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை நீட்டும் வீடுகளில் அடிக்கடி நடக்கும். இரண்டு 6 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 ஓம். எந்தச் சாதாரண ரிசீவரும் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

டிக் கேட்கிறது, சத்தம் இல்லை என்றால் மியூட், தவறான இன்புட், ஸ்பீக்கர் ஏ-பி பட்டன், முன்னால் செருகி மறந்த ஹெட்போன் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓட்ட வேண்டும். எல்லா ஸ்பீக்கரிலும் டோன் வந்தால் ஆம்ப்ளிஃபயரும் ஒயரும் சரி. குற்றம் டிவியிலோ கேபிளிலோ. ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் ரிசீவரை அணைத்து, அதன் ஒயரையும் பேசுகிற இன்னொன்றின் ஒயரையும் ரிசீவர் பக்கத்தில் மாற்றிப் போட வேண்டும். ஊமையும் கூடவே இடம் மாறினால் ஸ்பீக்கர் அல்லது ஒயர், மாறாவிட்டால் ரிசீவரின் அந்தத் தடம். சின்னச் சத்தத்தில் ஊமையாக இருந்து, வால்யூமை ஏற்றினால் திடீரென்று பேசத் தொடங்கும் தடம் ஒன்று உண்டு. அது ரிலேயின் முனைகளில் படிந்த கறை. ஈரக்காற்று வீசும் கரையோர ஊர்களில் எதிர்பார்க்க வேண்டியதே. ரிலே மாற்றுவது மலிவான வேலை, உள்ளூர் மெக்கானிக் செய்வார்.

உறுமல் சத்தம் எங்கிருந்து என்று முதலில் காதால் பிரிக்க வேண்டும். பெட்டியிலிருந்தே வந்தால் டிரான்ஸ்ஃபார்மர்: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், மோசமான லைன், அல்லது தளர்ந்த திருகு. ஸ்பீக்கரிலிருந்து வந்தால் எல்லாக் கேபிளையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகலாம். பெரும்பாலும் கேபிள் டிவியின் தடித்த ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றிய கணத்தில் உறுமல் நின்றுவிடும். கம்பத்திலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் வேறு வேறு மட்டத்தில் இருப்பதால், இடையே ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகக் கேட்கிறது. அந்த ஒயரில் போடும் ஐசோலேட்டர் ஒன்று, அல்லது எச்டிஎம்ஐக்குப் பதிலாக ஆப்டிகல், இரண்டில் ஒன்று தீர்க்கும். எர்த் முள்ளை உடைத்து உறுமலை நிறுத்துவது சிலர் சொல்லும் கைவைத்தியம். உறுமல் நிற்கும், பிறகு என்றோ ஒருநாள் பெட்டியில் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கும்.

படம் வரவில்லை என்றால் டிவி, ரிசீவர், பிளேயர் மூன்றின் பிளக்கையும் ஐந்து நிமிடம் பிடுங்கிவைத்து, டிவி முதலில், ரிசீவர் அடுத்து, பிளேயர் கடைசியில் என்று இயக்குவது பல நேரம் போதும்; கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கேட்கும் எச்டிசிபி சடங்கு அப்போது புதிதாக நடக்கும். தீராவிட்டால் பிளேயரை நேராக டிவியில் செருகிப் பார்க்க வேண்டும். படம் வந்தால் ரிசீவரோ கேபிளோ. 4கே படத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் சாதாரண கேபிள் நம்பத்தக்கதல்ல. படம் மின்னி மறைவதும் வெள்ளைப் புள்ளி தெறிப்பதும் அதன் குணம். உதடும் ஒலியும் பிசகினால் ரிசீவரின் லிப்சிங்க் அளவை மில்லி விநாடிக் கணக்கில் நகர்த்தலாம். ஒலி பின்தங்கினால் மட்டும் ரிசீவரால் ஒன்றும் செய்ய முடியாது. டிவியின் ஒலித் தாமதத்தைக் குறைக்க வேண்டும்.

மழையும் இடியும் உயிரினங்களும்

வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும், சித்திரை வைகாசி இடியும் ரிசீவருக்குப் பரீட்சை. வானம் இருட்டும்போது சுவிட்சை மட்டும் அணைப்பது பாதுகாப்பல்ல. பிளக், கேபிள் டிவி அல்லது டிடிஎச் ஒயர், இன்டர்நெட் ஒயர் மூன்றையும் உருவ வேண்டும். பிளக்கை மட்டும் உருவிவிட்டு டிடிஎச் ஒயரை மறந்த வீடுகளில் போவது எச்டிஎம்ஐ போர்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நடந்ததுபோல மின்சாரம் நாள்கணக்கில் நின்று திரும்பினால், முதல் கால்மணி நேரம் ஏற்ற இறக்கம் இருக்கும். விளக்குகள் நிலைத்த பிறகே ரிசீவரைச் செருகுவது நல்லது.

ஈரப்பதத்தில் முதலில் உதிர்வது வூஃபரின் ஓரத்து ஃபோம். விரல் வைத்தால் பொடியும் நிலையில் கரகரப்பு தொடங்கியிருக்கும். கோன் கட்டுபவரிடம் ஓரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்கும்போது ரப்பர் ஓரம் போட்ட வூஃபரைக் கேட்டு வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் ரிசீவரை வாரக்கணக்கில் மூடிவைக்காமல், தினம் சிறிது நேரம் ஓடவிட்டால் அதன் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். அதே சூட்டைத் தேடித்தான் பல்லியும் எறும்பும் வருகின்றன. பவர் சப்ளையின் குறுக்கே விழுந்த பல்லி ரிசீவரைக் கொன்று தானும் சாகும். பின்புறத் துளைகளுக்கு மெல்லிய நைலான் கொசுவலையை ஒட்டலாம். மேல்மூடியில் ஒட்டினால் காற்று நின்றுவிடும்.

வெள்ளநீர் புகுந்த பெட்டியை, வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் செருகிப் பார்க்கக் கூடாது. வண்டல் போர்டுக்கும் ஐசிக்கும் இடையே ஈரத்தோடு தங்கியிருக்கும். மூடியைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு: பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். உடனே மறுபடி போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, அதைவிடப் பெரிய ஃபியூஸோ வெள்ளித் தாளோ போடுவது டிரான்ஸ்ஃபார்மரை எரிப்பதில் முடியும். ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர், ரிலே, ஃபியூஸ், ஸ்பீக்கர் முனை ஆகியவை உள்ளூர் மெக்கானிக்கின் எல்லைக்குள். எச்டிஎம்ஐ, டிஸ்பிளே, பிராசசர் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர். கொண்டுபோகுமுன் மாடல் எண்ணையும், எந்த விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அங்கே நேரம் மிச்சமாகும், ஏனென்றால் பல மாடல்களில் மினுக்கும் எண்ணிக்கையே பழுதின் குறி. எச்டிஎம்ஐ மட்டும் செத்து மற்றவை நலமாக இருக்கும் பழைய ரிசீவரை எறிய வேண்டியதில்லை. படத்தை நேராக டிவிக்கும், ஒலியை ஆப்டிகல் வழியாக ரிசீவருக்கும் கொடுத்தால் அது இன்னும் பல வருடம் ஓடும்.